மேல்தண்ணீர்

மாலை ஐந்து மணி இருபது நிமிடம். ஆய்வு நிலையத்தில் இருபத்து மூன்று பேர். அவர்களில் சுகிர்தா மட்டும் மதியத்திலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை.

தாகம் இருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, விழுங்கினால் தொண்டைக்குள் காகிதம் மடிவது போல இருந்தது. சுற்றிலும் எவ்வளவு பனி கிடந்தாலும் அண்டார்டிகாவின் காற்று காய்ந்த காற்றுதான், மூக்கு வழியாகவும் தோல் வழியாகவும் ஆளை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், நாளைக்கு நான்கு லிட்டராவது குடித்தாக வேண்டும் என்று வந்த அன்றே மருத்துவர் சொல்லியிருந்தார், சொன்னதைச் செய்கிற பழக்கம் அவளுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு, நவம்பரில் தொடங்கி இந்த ஜனவரி வரை குடித்திருக்கிறாள், நான்கு லிட்டர் பெருக்கல், வேண்டாம், பெருக்கக் கூடாது, எல்லா நாளும் கணக்கில் வராது, குழாயை மேலே தூக்கிய பிறகு வந்த நாள்கள்தான் கணக்கு, அதையும் பெருக்கக் கூடாது. திரையைப் பார். திரையில் ஒரு கோடு இடது ஓரத்திலிருந்து கிளம்பி, இன்னும் எதையும் சந்திக்காமல், தட்டையாக நகர்ந்துகொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் அது வலது ஓரம் போய்ச் சேரும். கருவிக்குள் இப்போது போயிருப்பது சமையலறைக் குழாயில் அவளே பிடித்துவந்த தண்ணீர், ஒரு லிட்டரை வடித்து வற்றவைத்து ஒரு சொட்டாக்கியது. அந்தத் தண்ணீரில் எது கலந்திருந்தாலும் அது அதனதன் நேரத்தில் வெளியே வந்து, கோட்டில் ஒரு மேடாக எழும்பும். கோட்டின் நடுவில் ஒரு மேடு வரும், அது எதுவென்று தெரியும். அதற்கும் பின்னால், வலது ஓரத்துக்குக் கொஞ்சம் முன்னால், இன்னொன்று வரக் கூடாது. அவ்வளவுதான். வரக் கூடாது என்று ஒரு விஞ்ஞானி நினைக்கக் கூடாது, வருகிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

ஜன்னலுக்கு வெளியே ஏரி. நடுவில் பனிக்கட்டி, கரையோரமாக ஒரு வளையம் மட்டும் உருகிய நீலத் தண்ணீர், அதன்மேல் வெயில். இந்த வெயில் போகாது. நவம்பர் கடைசியில் மேலே வந்த சூரியன் இன்னும் ஒரு முறைகூட மறையவில்லை, செக்கில் கட்டிய மாடு போல வானத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது, படுக்கைக்கு மேலுள்ள ஜன்னலில் கறுப்புத் துணி ஒட்டினாலும் தையல் ஓட்டைகள் வழியாக உள்ளே வந்து நிற்கிறது. முதல் வாரம் பிடித்திருந்தது. வேலைக்கு நல்லது, வெயில் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது, வெயிலைப் பார்க்கத்தானே வந்தாள். பழைய பூச்சிமருந்து ஒன்று, வயல்களில் தெளித்து, பிறகு தடை செய்து, எல்லோரும் மறந்துபோனது. அது மறையவில்லை. சூடான ஊர்களில் மண்ணிலிருந்து ஆவியாகி எழுந்து, குளிர்ந்த ஊரில் இறங்கி, கோடையில் மறுபடி எழுந்து, இப்படித் தாவித் தாவி, இனி எழவே முடியாத குளிருக்கு வந்ததும் பனியோடு பனியாக விழுந்துவிடுகிறது. கோடையில் அந்தப் பனி உருகி ஏரிக்கு வருகிறது. ஏரியின் மேல்தண்ணீரில் வெயில் அதை உடைக்கிறது. எவ்வளவு வேகமாக உடைக்கிறது என்று அளக்கத்தான் அவளை அனுப்பினார்கள். குவார்ட்ஸ் குழாய்களில் ஏரித் தண்ணீரை நிரப்பி, கயிற்றில் கட்டி, முழங்கை ஆழத்தில் மிதக்கவிட்டாள், பாதிக் குழாய்களை வெயில் படும்படி அப்படியே, மீதியை இருட்டில் இருக்கும்படி அலுமினியத் தாள் சுற்றி. "சிக்கன் சுடுற தாளையா மேடம் ஏரியில தொங்க விடுறீக?" என்று கேட்டது முனியசாமி, நிலையத்தின் மெக்கானிக், கமுதிக்காரர், ராணுவத்தில் வண்டி பார்த்தவர், கண்டத்தின் இந்த முனையில் அவளோடு தமிழ் பேசுகிற ஒரே ஆள்.

வெயில் பட்ட குழாய்களில் மருந்து குறைந்தது. வாரத்துக்கு வாரம் குறைந்தது. அந்த இறங்கு கோட்டை ஒரு சனிக்கிழமை, சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் சுவரில் போட்டுக் காட்டினாள். சனிக்கிழமைகளில் யாராவது ஒருவர் தன் வேலையைப் பற்றி மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும், அது இங்கே வழக்கம், அதற்கு முந்தின வாரம் சமையல்காரர் பூண்டு கெடாமல் வைப்பது எப்படி என்று பேசியிருந்தார். நிலையத் தலைவர் நேகி முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். அப்படியானால் மேல்தண்ணீர் அடித்தண்ணீரைவிடச் சுத்தம், இல்லையா, என்றார். ஆமாம் சார். அவள் அளந்தவரை ஆமாம். குடிதண்ணீர்க் குழாய் அப்போது ஏரியின் அடியில் கிடந்தது, வண்டலை உறிஞ்சி பம்ப் அடிக்கடி திணறிக்கொண்டிருந்தது, இரண்டு வேலையும் ஒன்றாக முடிந்தது. முனியசாமி இரண்டு காலி ஜெரிகேன்களைக் கட்டிக் குழாயின் வாயை மேலே மிதக்கவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். அறிவியல் உடனே பயன்பட்டது என்று நேகி தலைமையகத்துக்கு எழுதினார். எது போகிறது என்றுதான் அவள் பார்த்தாள். அந்தக் கேள்விக்குத்தான் பணம், அந்தக் கேள்விக்குத்தான் கருவியைச் சரிசெய்து வைத்திருந்தாள், போவது இருந்த இடத்தில் எது வருகிறது என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை, துடைத்த பலகையை யார் மறுபடி திரும்பிப் பார்க்கிறார்கள். நேற்று, வழக்கம்போல நடு மேட்டோடு நிறுத்தாமல் கோட்டைக் கடைசிவரை பார்த்தபோது, வெயில் பட்ட குழாய்களில் பின்னால் ஒரு சின்ன மேடு இருந்தது. தாள் சுற்றிய குழாய்களில் இல்லை. பழைய பதிவுகளைத் திறந்தாள். நவம்பரில் இல்லை, டிசம்பர் நடுவில் ஒரு பரு, ஜனவரியில் மேடு.

பின்னால் வருகிறது என்பதில்தான் அவள் மனம் நேற்றிலிருந்து மாட்டிக்கொண்டிருந்தது. உடைந்த துண்டு என்றால் லேசாக இருக்கும், முன்னால் வரும். பின்னால் வருவது கனமானது. ஒட்டுகிற குணம் உள்ளது. அப்படியென்றால் துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்க வேண்டும். எப்படிச் சேரும், இவ்வளவு தண்ணீரில் ஒன்றை ஒன்று எப்படிக் கண்டுபிடிக்கும், என்று யோசித்தவளுக்கு விடை கரையிலேயே இருந்தது. சூரியன் தாழ்ந்து சுற்றும் நேரத்தில் மேல்தண்ணீர் ஊசி ஊசியாக உறைகிறது. உறைகிற பனிக்கட்டி தனக்குள் வேறு எதையும் சேர்ப்பதில்லை, கலந்திருப்பதையெல்லாம் ஊசிகளுக்கு நடுவே உள்ள இடுக்குக்குத் தள்ளிவிடும், தேரோட்டத்தில் சந்துக்குள் ஒதுங்கின கூட்டம் மாதிரி, தோளோடு தோள். அந்த நெரிசலின் மேல் வெயில். அப்புறம் உருகும். உறையும். உருகும். இரவே இல்லாத இரண்டு மாதம். சூரியன் கழுவிவிடுகிறது என்று இவள் சொன்னாள், கைதட்டினார்கள், அது சமைத்துக்கொண்டிருக்கிறது. கோடு இன்னும் தட்டை.

கனமானது, ஒட்டுவது, கொழுப்பில் போய் உட்காரும். ஈரலில், தொடையில், மார்பில். உட்கார்ந்தால் எழாது, வருடக்கணக்கில் எழாது, பழைய மருந்தைப் பற்றி இதையெல்லாம் அவளே வகுப்பெடுத்திருக்கிறாள், ஒரு பெண்ணின் உடம்பை விட்டு அது வெளியேறப் பெரிய வழி ஒன்றுதான் உண்டு, அது பால், என்று சொல்லும்போது முதல் பெஞ்சில் பையன்கள் குனிந்துகொள்வார்கள், அதனால்தான் தலைப்பிள்ளைக்கு அதிகமாகப் போகிறது, அடுத்ததற்குக் குறைவு, எழுதிக்கொள்ளுங்கள். எழுதிக்கொண்டார்கள். அவள் வீட்டில் தலைப்பிள்ளை ஜெயசிங். அண்ணன். அம்மா தொட்டில் கட்டின உத்திரத்துக்குக் கீழே, தரையில், எறும்புப்பொடியால் வட்டம் போடுவாள், வெள்ளைக் கோடு, கோலம் போடாத வீட்டில் அது ஒன்றுதான் கோலம், விரலால் இழுத்துவிட்டு அந்தக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பிள்ளையைத் தூக்குவாள். எறும்பு அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. அண்ணனுக்கு ஒன்பது வயதில் ரத்தத்தில் நோய் வந்தது, பதினொன்றில் இறந்தான். ஒரே ஒரு சாவை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. அதுவும் வகுப்பில் சொல்வாள். பத்தாயிரம் பேரைப் பார்க்க வேண்டும், ஒப்பிட வேண்டும், அப்போதும் 'இருக்கலாம்' என்றுதான் சொல்ல வேண்டும். இருக்கலாம். அந்த வட்டத்திலிருந்து எழுந்த ஒரு துகள், நாகர்கோவிலில் ஓட்டு இடுக்கு வழியாக வெளியேறி, தாவித் தாவி, இத்தனை வருடம் கழித்து இந்த ஏரிக்கு வந்திருக்காது. அந்த மருந்து வேறு, இது வேறு. வேறுதான். ஆனாலும் எறும்பு எப்போதும் வேறு வழியில் வரத்தான் செய்தது, ஜன்னல் வழியாக, அம்மா மறுபடி கோடு போட்டாள்.

நாகர்கோவிலில் இந்தக் கண்டத்தைவிடக் குளிரான ஓர் இடம் இருக்கிறது. மருத்துவமனை ஒன்றின் மாடியில், திரவ நைட்ரஜன் புகைகிற பாத்திரத்தில், அவளுடையதும் கணவன் பென்னட்டுடையதுமாக இரண்டு கருக்கள் உறைந்து கிடக்கின்றன. நான்கு வருடச் சிகிச்சையில் மிச்சமானவை. வெளிச்சம் படாதவை. தாள் சுற்றிய குழாய்கள் மாதிரி, என்று நினைத்துவிட்டு அந்த நினைப்பை உடனே விட்டாள், ஆனால் அது விடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் பென்னட் பேசினான். நடுவே ஒவ்வொரு பேச்சும் வானத்துக்குப் போய் இறங்க நேரம் எடுத்தது.

"ஏப்ரல்ல தேதி தந்தாச்சு, கேட்டியா? நீ வந்து எறங்கினா போதும்."

"ரெண்டும் நல்லா இருக்கா?"

"ஃப்ரிட்ஜ்ல வச்ச சாள மீனா, நல்லா இருக்கான்னு கேக்க? நல்லாத்தான் இருக்குன்னு சொன்னாவ."

"உங்க வாய் இருக்கே."

"அங்க தண்ணியெல்லாம் எப்டி பிள்ள? டாக்டரு கேட்டாவ, ஒடம்ப நல்லா வச்சுக்கிடச் சொன்னாவ."

"உலகத்துலயே சுத்தமான தண்ணி."

அப்படித்தான் சொன்னாள். ஜக்கைத் திறந்து குடித்துக்கொண்டே சொன்னாள், அவனுக்குக் கேட்கட்டும் என்று மடக்கு மடக்காக. சமையலறையில் ஒரு வடிகட்டி இருக்கிறது, அது மணலைப் பிடிக்கும். மணலை மட்டும். இல்லை, கொஞ்சம் பொறு, இன்னொன்றும் இருக்கலாம், அந்த மேடு குவார்ட்ஸ் குழாயின் ரப்பர் மூடியிலிருந்து வந்ததாக இருக்கலாம், வெயிலில் ரப்பர் வெந்து கசிவது உண்டு, அப்படியென்றால் ஏரியில் அது இருக்காது, சமையலறைத் தண்ணீரில் இருக்காது, இருபத்து மூன்று பேரும் குடித்தது தண்ணீர்தான். அதற்காகத்தான் இந்தக் கோடு. ரப்பராக இரு. அவள் பதினைந்து வருடமாகக் கோடுகளைப் பார்த்துவருகிறாள், இதுவரை ஒரு கோட்டிடம் கெஞ்சியதில்லை.

கதவு திறந்தது. முதலில் குளிர் வந்தது, பின்னால் முனியசாமி, இரண்டு கையிலும் எவர்சில்வர் டம்ளர்.

"என்ன மேடம், அடுப்பையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீக? வெந்துருச்சா?" கருவிக்குள் சூடேற்றும் அறை ஒன்று உண்டு என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு அது அடுப்பு.

"இன்னும் இல்லண்ணே."

"டீ. இஞ்சி தட்டிப் போட்டது. மத்தியானம் சாப்பாட்டுக்கும் காணம், தண்ணி ஜக்கு அப்படியே கெடக்கு. ஊருல வீட்டுக்காரரு கூட சண்டையா?"

"அதெல்லாம் இல்ல. வைங்க, குடிக்கிறேன்."

டம்ளர் மேசை ஓரத்தில் உட்கார்ந்தது. ஆவி. பால்பொடியின் இனிப்பு வாசனை, இஞ்சி, வாயில் இல்லாத எச்சில் எங்கிருந்தோ ஊறி வந்தது. கொதித்த தண்ணீர். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், இது சாகாது, இதற்கு உயிர் இல்லை, சாகவைக்க முடியாததுதான் இதன் சிக்கலே. பாலில் கொழுப்பு இருக்கிறது, கொழுப்பு இதற்குப் பிடிக்கும். பால்பொடி கலந்த டம்ளரை விஞ்ஞானி ஒருத்தி விஷக்கண்ணால் பார்ப்பதை முனியசாமி பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தக் கோடு ஏறுனா நல்லதா மேடம், எறங்குனா நல்லதா?"

"இப்போ நடுவுல ஒண்ணு ஏறும். அது சின்னதா இருந்தா நல்லது. கடைசியில ஒண்ணு ஏறாம இருக்கணும்."

"ஆக மொத்தம் பேசாமக் கெடந்தாத்தான் நல்லது. எங்க சுபேதார் மாதிரி."

கோடு அப்போதே, அவர் சிரித்து முடிக்கும் முன்னாலேயே, நடுவில் கிளம்பியது. ஏறி, முனையில் நின்று, இறங்கியது. சின்னதுதான். அடித்தண்ணீரில் பார்த்ததில் பாதிகூட இல்லை. பழைய மருந்தை வெயில் நன்றாகவே தின்றிருந்தது. அதில் பொய் இல்லை, சனிக்கிழமை சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதே நேரம் அவள் இடுப்பில் வாக்கி-டாக்கி கரகரத்தது. நேகி ஆங்கிலத்தில் பேசினார், எப்போதும் போல மெதுவாக, மரியாதையாக. வார அறிக்கை அனுப்பப்போகிறேன், சுகிர்தா, ஏரியைப் பற்றி உங்களிடமிருந்து ஒரு நல்ல வரி வேண்டும். இன்னும் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன் சார். கொஞ்ச நேரம் என்றால், அந்தக் கோட்டின் மிச்சம். அது இப்போது மறுபடி தட்டையாக நகர்ந்தது. தட்டையான கோட்டைப் பார்த்து மனிதர்கள் பயப்படுவது ஆஸ்பத்திரியில், ஜெயசிங் படுக்கைப் பக்கம் அப்படி எந்தத் திரையும் இல்லை, அந்த ஊரில் அப்போது அதெல்லாம் கிடையாது, அம்மா மூக்கில் கைவைத்துத்தான் பார்த்தாள். தட்டையாகவே போ. முனியசாமி ஏதோ சொல்கிறார், வெளியே கரையில் ஸ்குவா பறவை ஒன்று சமையலறைத் துணியைத் தூக்கிக்கொண்டு போனதாம், சமையல்காரர் பின்னாலேயே ஓடினாராம், அவள் தலையாட்டினாள். வெயில் ஜன்னல் வழியாக மேசையில் விழுந்து மெல்ல நகர்ந்தது, அவள் இடது கையின் மேல் ஏறியது, சூடு இருந்தது, தோலுக்கு அடியில் நரம்பு பச்சையாகத் தெரிந்தது. கையை இழுத்துக்கொண்டாள். ஒரு நொடி. கையிலிருந்து கண்ணைத் திருப்பியபோது கோடு தரையை விட்டு எழும்பியிருந்தது.

அது நின்றுவிடும் என்று பார்த்தாள். நிற்கவில்லை. குழாய்களில் இருந்ததைவிட உயரமாகப் போனது. ஏரியின் மேல்தண்ணீர் குழாய்க்குள் அடைபட்ட தண்ணீரைவிட அதிகமாக உறைந்திருக்கிறது, அதிகமாக உருகியிருக்கிறது, சரிதான், அப்படித்தான் இருக்கும், மனம் ஒரு பக்கம் காரணத்தை ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் அது பெருக்க ஆரம்பித்துவிட்டது, நான்கு லிட்டர், கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமையிலிருந்து, நான்கு, நான்கு, அவளால் நிறுத்த முடியவில்லை. ரப்பர் இல்லை. ரப்பராக இருந்திருக்கலாம்.

"ஏறிருச்சு போல," என்றார் முனியசாமி. சிரிக்கவில்லை.

வாக்கி-டாக்கியை எடுத்தாள். பழையது பாதிக்கும் மேல் குறைந்திருக்கிறது சார், என்றாள். அருமை, என்றார் நேகி. ஆனால் வெயிலில் புதிதாக ஒன்று உண்டாகிறது, அது நாம் குடிக்கிற தண்ணீரில் இருக்கிறது, குழாயைக் கீழே இறக்க வேண்டும். கரகரப்பு. அதன் பெயர் என்ன? தெரியாது சார், அடையாளம் காணும் கருவி இங்கே இல்லை, ஊருக்குக் கொண்டுபோய்த்தான் பார்க்க வேண்டும். குடிநீரில் அதற்கு அனுமதிக்கப்பட்ட அளவு எவ்வளவு? பெயர் தெரியாததற்கு யாரும் அளவு வைக்கவில்லை சார். அப்படியானால் நாம் எந்த அளவையும் மீறவில்லை. அளவே இல்லை சார். மீறவில்லை, இல்லையா? நேகி கெட்டவர் இல்லை. குழாயை இறக்கினால் வண்டல் அடைத்துப் பம்ப் நிற்கும், பம்ப் நின்றால் பனியை வெட்டி உருக்க வேண்டும், இருபத்து மூன்று பேருக்கும் மண்வெட்டி, மற்ற ஆய்வுகளெல்லாம் நிற்கும், அவருடைய இடத்தில் அவளும் அதைத்தான் கேட்டிருப்பாள். பதற்றம் வேண்டாம், ஊருக்குப் போய் உறுதிசெய்த பிறகு எழுதுங்கள், என்றது அந்தக் குரல், பழையது குறைந்ததை மட்டும் நான் போட்டுக்கொள்கிறேன். நன்றி.

"என்ன சொல்றாரு?"

"குழாய் மேலயே இருக்கட்டுமாம்."

முனியசாமி தன் டம்ளரைப் பார்த்தார். பாதி குடித்திருந்தார். அதை ஜன்னல் கட்டையில் வைத்தார், பிறகு எடுத்து, வேறு எங்கும் வைக்கத் தெரியாதவர் போலக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"எனக்கு ரெண்டு புள்ளையும் ஆயிருச்சு மேடம். இனிமே என்னத்தக் குடிச்சா என்ன. நீங்க..." நிறுத்திக்கொண்டார். அவர் எவ்வளவு தெரிந்துவைத்திருந்தார் என்று அவளுக்குத் தெரியாது. ஒரே ஒரு போன் அறைதான், சுவர் ஒட்டுப்பலகை. "பம்பு என் பொறுப்பு. ஜெரிகேன் ஓட்டையாகி முங்கிருச்சுன்னா முங்கிருச்சுதான. அவரு என்ன ஏரிக்குள்ள எறங்கியா பாக்கப்போறாரு?"

"அடைச்சுக்குமேண்ணே."

"அடைச்சா எடுக்கேன். எங்கூருக் கம்மாய்த் தண்ணியத் தெளிய வச்சு அள்ளிக் குடிச்ச வாயி இது. அப்ப, கீழ உள்ளது நல்ல தண்ணிங்கிறீகளா?"

"இல்லண்ணே. அதுல பழசு இருக்கு. பேர் தெரிஞ்ச விஷம்."

"பேர் தெரிஞ்சவன் தேவல," என்றார். கயிற்றையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு போனார்.

ஜன்னலில் அவர் ஏரிக்கரையை நோக்கி இறங்குவது தெரிந்தது, ஆரஞ்சுச் சட்டை, அதன் பின்னால் தன் உயரத்தைவிட நான்கு மடங்கு நீளமாக விழுந்த நிழல். கோடு வலது ஓரத்தைத் தொட்டு நின்றுவிட்டிருந்தது. மேடு திரையில் அப்படியே இருந்தது. கருவி அடுத்த மாதிரிக்காகக் குளிர்ந்துகொண்டிருந்தது. அவள் வாய் முழுக்கக் காய்ந்து, உதட்டில் ஒரு வெடிப்பு திறந்து, ரத்தத்தின் உப்பு நாக்குக்கு வந்தது. குடிக்காமல் இருக்க முடியுமா? எத்தனை நாள்? கப்பல் மார்ச்சில். கீழ்த்தண்ணீரில் பழையது, மேல்தண்ணீரில் புதியது, பனியில் இரண்டில் ஒன்று, வானத்திலிருந்து விழுவதில் மறுபடி பழையது, மூடிபோட்ட பாட்டில் எதுவும் இந்தக் கரையில் இல்லை. குடித்தது ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்தது தானாக எழாது. டீயின் மேல் ஆடை படர்ந்து, சுருங்கி, ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. அவள் டம்ளரை எடுத்தாள். ஆடையை ஊதி ஒதுக்கினாள். ஆறிப்போயிருந்தது. நிறுத்தாமல், அடிவரை குடித்தாள்.

அந்த ஆண்டு டிசம்பர் 27 அன்று நாகர்கோவிலில் சுகிர்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை இரண்டு கிலோ எழுநூறு கிராம். தாய்ப்பால் கொடுக்கப்படவில்லை.